கப்பல் உலகில் ஒரு பெண்மணி



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் ரயில் ஏறி வந்தவர்கள். ஆதலால் ஒரு நகரத்தை நினைத்ததும் அதன் ரயில் நிலையமே முதலில் நம் மனக்கண்முன் நிற்கும். மும்பை என்றால் தாதர். கொல்கத்தா என்றால் ஹௌரா. ஆனால் இவ்விரு நகரங்களையும் வளர்த்தது முதலில் ரயில் அன்று, கப்பல்தான். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் எத்தனையோ பேர் நாள்தோறும் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அங்கே, பழைய துறைமுகத்தை ஒட்டியுள்ள பல்லார்ட் எஸ்டேட்டில், சிந்தியா ஹவுஸ் என்று ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் குவாலியர் அரச குடும்பத்தாரின் மாளிகை போலும் என்று எண்ணத் தோன்றும். அது மாளிகை அன்று. ஒரு கப்பல் கம்பெனியின் தலைமை அலுவலகமாக எழுந்தது. ஆண்களுக்கே உரியது என்று உலகம் முழுவதும் கருதிவந்த கப்பல் தொழிலில், அந்தக் கம்பெனியை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண்மணி முன்னின்று நடத்தினார். அவர் பெயர் சுமதி மொரார்ஜி. அவருடைய வரலாற்றையே இன்று நாம் சிறிது சிந்திக்கப் போகிறோம்.

பம்பாயில் பிறந்து வளர்ந்த குஜராத்திப் பெண்மணி ஒருவரின் வரலாற்றோடு தமிழர்களாகிய நமக்கு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அது தூத்துக்குடியில் தொடங்குகிறது. 1906ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அச்சங்கத்தின் இரு கப்பல்கள் ஓடின. அந்தப் பாதையில் அதுவரை தனியாட்சி செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்னும் வெள்ளையர் கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. முடிவில் இலவசமாக ஏற்றிச் சென்று, ஏறுவோருக்குக் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். 1911ஆம் ஆண்டில் அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டது. செக்கிழுத்த செம்மலின் கதையை நாம் அனைவரும் பள்ளிப் பருவம் முதல் அறிவோம். ஆனால் அந்தப் போர் தூத்துக்குடியோடு முடிந்துவிடவில்லை என்பதை நம்மில் பலர் அறியோம். எட்டாண்டுகள் கழித்து, மேற்குக் கடற்கரையில், அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்து அந்தப் போர் மறுபடியும் தொடங்கியது.

1919ஆம் ஆண்டு பம்பாயில் சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமள்தாஸ் ஆகியோர் அதனைத் தோற்றுவித்தவர்கள். முதல் உலகப் போரின்போது குவாலியர் மகாராஜா சிந்தியா ஒரு பழைய பிரயாணிக் கப்பலை வாங்கி, காயமுற்ற சிப்பாய்களுக்கு மருத்துவக் கப்பலாக அளித்திருந்தார். லாயல்டி என்று பெயரிடப்பட்ட அக்கப்பலையே இவர்கள் விலைக்கு வாங்கினர். கம்பெனிக்குச் சிந்தியா என்ற பெயர் வந்தது இவ்வாறுதான். 1919 ஏப்ரல் 5ஆம் நாள் லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே 1964 முதல் நம் நாடு தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடி வருகிறது.

கப்பல் புறப்பட்டதே தவிர, பாதை திறந்திருக்கவில்லை. கட்டணப் போர் மட்டுமன்றி, வேறொரு சூழ்ச்சியும் அக்காலத்தில் கையாளப்பட்டது. அதனை நாம் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பெரிய கப்பல் கம்பெனிகள் தமக்குள் கூடி ஒரு கூட்டணி அமைத்துக்கொள்ளும். தம் சரக்கு முழுவதையும் அந்தக் கூட்டணியின் கப்பல்களிலேயே அனுப்பும் வணிகருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லும். ஆனால் உடனே தராது. பல மாதங்கள் தன்னிடமே வைத்திருக்கும். அதற்குள் அந்த வணிகர் ஒரே ஒரு மூட்டையை வேறு கம்பெனியின் கப்பலில் ஏற்றினாலும், சேர்ந்திருந்த தொகை முழுவதும் போய்விடும். இந்த ஏற்பாட்டினால், சுதேசிக் கப்பலின்மீது அன்பு கொண்ட வணிகர்கூட அதில் சரக்கு ஏற்ற அஞ்சினர். இத்தகைய நெருக்கடியில் சிக்கிய சிந்தியா கம்பெனி, 1923ஆம் ஆண்டில் எதிரியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு உயிர் பிழைத்தது. கடலோர வாணிகத்தோடு நிற்க வேண்டும், குறித்த அளவுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்ளலாகாது என்பன அதன் நிபந்தனைகள். சிதம்பரம் பிள்ளையின் கம்பெனி வளையாமல் நின்று முறிந்தது. சிந்தியா கம்பெனி வளைந்து கொடுத்துக் காலம் பார்த்திருந்தது. எது மேல் என்று நாம் இங்கே வழக்காட வேண்டியதில்லை. முன்னது மூட்டிய தீயில்தான் பின்னது குளிர் காய்ந்தது.

இந்தப் போர்க்களத்திற்குள்ளேதான் ஒரு சிறு பெண் மருமகளாக வந்து சேர்ந்தாள். 1909ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பம்பாயில் மதுராதாஸ் கோகுல்தாஸ் என்னும் செல்வந்தரின் மகளாகப் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் ஜமுனா. அக்கால வழக்கப்படி மிக இளம் வயதிலேயே, நரோத்தம் மொரார்ஜியின் ஒரே மகனான சாந்திகுமாருக்கு அவரை மணம் செய்து கொடுத்தனர். மருமகளின் கூர்மையைக் கண்டு மகிழ்ந்த மாமனார், நல்லறிவுடையவள் என்று பொருள்படும் சுமதி என்ற பெயரை அவருக்குச் சூட்டினார். பெயர் சூட்டியதோடு நின்றிருந்தால் அதில் வியப்பொன்றும் இல்லை. மருமகளைப் பாராட்டிப் பட்டுச்சேலை வாங்கிக் கொடுக்கும் மாமனார் எந்த ஊரிலும் உண்டு. அந்தக் குடும்பம் மருமகளின் அறிவை அடுக்களைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளாமல் அலுவலகத்திற்கும் பயன்படுத்திக்கொண்டது. அதுதான் வியப்பு.

அந்நாளில் பெரிய தொழில்களை நிர்வாக முகவர் நிறுவனங்கள் நடத்தி வந்தன. பங்குதாரரின் பணத்தில் நடக்கும் கம்பெனியின் ஆட்சி, ஒரு குடும்பத்தின் கையிலுள்ள முகவர் நிறுவனத்திடம் இருக்கும். 1970ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை இந்த முறை நம் நாட்டில் இருந்து வந்தது. சிந்தியா கம்பெனியின் நிர்வாக முகவர் நிறுவனத்தில் இளம் வயதிலேயே சுமதி சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1929ஆம் ஆண்டு மாமனார் காலமானார். அதன்பின் வால்சந்த் ஹீராசந்த் கம்பெனியின் தலைவராக இருந்த நீண்ட காலத்தில், சுமதி அம்மையார் தொழிலை அடிப்படையிலிருந்து கற்றுத் தேர்ந்தார்.

இந்த இடத்தில் நாம் ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். செல்வந்தர் வீட்டில் பிறந்து, கப்பல் முதலாளியின் வீட்டில் புகுந்தவருக்குத் தலைமை கிடைத்ததில் என்ன பெருமை? அடித்தளத்திலிருந்து ஏறி வந்தவர் அல்லரே? இந்தக் கேள்வி நியாயமானதே. கதவு அவருக்குக் குடும்பத்தினால்தான் திறந்தது, இதில் ஐயமில்லை. ஆனால் தந்தையின் ஆலைக்கு மகன் தலைவனாகும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்பதுண்டா? அது இயல்பு என்றே விட்டுவிடுகிறோம். பெண் அமர்ந்தால் மட்டும் கணக்குக் கேட்கிறோம். மேலும், அக்காலத்தில் பம்பாயிலும் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் நம் செட்டிநாட்டிலும் செல்வர் வீட்டு மருமகள்கள் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் கப்பல் நடத்தினர்? கதவைத் திறந்துவிடுவது குடும்பத்தால் ஆகும். உள்ளே நாற்பது ஆண்டு நிலைத்து நிற்பது குடும்பத்தால் மட்டும் ஆவதன்று.

ஏனெனில் கப்பல் தொழில் மற்றத் தொழில்களைப் போன்றதன்று. ஓர் ஆலையை நடத்துபவர் மாலையில் கதவைப் பூட்டிவிட்டு வீடு திரும்பலாம். கப்பலுக்குப் பூட்டும் இல்லை, மாலையும் இல்லை. ஒரு கப்பல் ரங்கூனில் அரிசி ஏற்றிக்கொண்டிருக்கும். மற்றொன்று கராச்சியில் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். மூன்றாவது நடுக்கடலில் இயந்திரம் பழுதுபட்டு நிற்கும். காத்திருக்கும் கப்பலுக்கும் எரிபொருள் உண்டு, சம்பளம் உண்டு, கடனுக்கு வட்டி உண்டு. வருவாய் மட்டும் இல்லை. இன்று வாங்கும் கப்பல் இருபது ஆண்டு ஓட வேண்டும்; ஆனால் அடுத்த ஆண்டுக் கட்டணம் என்ன விலை போகும் என்பதை ஒருவரும் சொல்ல முடியாது. சூயஸ் கால்வாய் மூடப்பட்டால் கட்டணம் உயரும். எங்கோ ஒரு நாட்டில் விளைச்சல் பொய்த்தால் தாழும். கப்பலைக் கடலில் செலுத்துபவர் மாலுமி என்றால், அதனைக் கணக்கிலும் சந்தையிலும் சட்டத்திலும் செலுத்துபவர் கரையில் இருக்கும் நிர்வாகி. இருவருக்கும் உறக்கம் அரிது.

அந்தக் கரைப்பணியில்கூடப் பெண்ணுக்கு இடமில்லை என்றே உலகம் கருதியது. ஆங்கிலத்தில் கப்பலைப் பெண்பாலில் குறிப்பிடுவார்கள். ஆனால் பெண் கப்பலில் இருந்தால் ஆகாது என்று மேனாட்டு மாலுமிகள் பலர் நம்பினர். நம் கடற்கரை ஊர்களில் மட்டும் என்ன? மீனை உலர்த்துவது பெண்; கூடையில் சுமந்து விற்றுக் குடும்பம் காப்பது பெண்; ஆனால் கட்டுமரம் ஏறுவது ஆண். கடல் ஆணுக்கு, கரை பெண்ணுக்கு என்று கோடு கிழித்திருந்த காலத்தில், கப்பல் முதலாளிகளின் மேசையில் சேலை உடுத்திய ஒருவர் வந்து அமர்ந்தார்.

அவர் வாழ்ந்த வீட்டிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மகாத்மா காந்திக்கு அக்குடும்பம் மிகவும் நெருங்கியது. சாந்திகுமார்–சுமதி தம்பதியரோடு காந்தியடிகள் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். 1944ஆம் ஆண்டு மே மாதம் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து நலிந்த உடலோடு விடுதலையான அவர், உடல்நலம் தேற ஜுஹு கடற்கரையில் தங்கியது சாந்திகுமாரின் வீட்டில்தான். 1942 முதல் 1946 வரை நடந்த தலைமறைவு இயக்கத்தில் சுமதி அம்மையாருக்கும் பங்கு இருந்தது. பகலில் அரசாங்கத்தோடு கப்பல் வாணிகம் பேச வேண்டிய ஒருவர், அந்த அரசாங்கத்தையே எதிர்க்கும் இயக்கத்திற்கும் துணை நின்றார். இதற்கு வேண்டிய நெஞ்சுரத்தை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது.

1946ஆம் ஆண்டில் கம்பெனியின் நிர்வாகப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. அவருடைய ஆணைக்குக் கீழே ஆறாயிரம் பேருக்கு மேல் பணிபுரிந்தனர்.

மறு ஆண்டு நாடு விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற பாரதத்திடம் அன்று இருந்த கப்பல்கள் எத்தனை? ஐம்பத்தொன்பது. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 1 லட்சத்து 92 ஆயிரம் டன். கப்பலைப் பொறுத்தவரை டன் என்பது எடையை மட்டும் குறிப்பதன்று. நூறு கன அடி இடத்தை ஒரு டன் என்று கொண்டு கொள்ளளவைக் கணக்கிடுவதும் உண்டு. நீண்ட கடற்கரையையுடைய ஒரு பெருநாட்டிற்கு இது எம்மாத்திரம்? அந்நிலையில் கப்பல் தொழிலுக்கு வழி காட்ட அமைந்த குழு ஒன்றுக்குத் தலைமை வகித்தவர் தமிழரான சர் சி.பி. ராமசாமி ஐயர். கடலோர வாணிகம் முழுவதும் இந்தியக் கப்பல்களுக்கே உரியதாக வேண்டும். பர்மா, இலங்கை முதலிய அண்டை நாட்டு வாணிகத்தில் முக்கால் பங்கும், தொலைதூர வாணிகத்தில் பாதியும் நமக்குக் கிடைக்க வேண்டும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் நம் கப்பல்களின் கொள்ளளவு இருபது லட்சம் டன்னாக உயர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டில் அக்குழு பரிந்துரைத்தது.

1928ஆம் ஆண்டிலேயே மத்திய சட்டசபையில் கடலோர வாணிகத்தை இந்தியருக்கு ஒதுக்கக் கோரும் மசோதா ஒன்றைச் சாராபாய் ஹாஜி என்பார் கொண்டு வந்திருந்தார், அது சட்டமாகவில்லை. அந்தக் கோரிக்கை 1950ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. நம் கடலோர வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. தூத்துக்குடியில் 1906ஆம் ஆண்டு தொடங்கிய போரில் நமக்கு வெற்றி கிட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

கப்பல் ஓட்டுவதோடு கப்பல் கட்டவும் வேண்டும் என்பது சிந்தியா கம்பெனியின் கனவு. 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்திற்கு ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின, வேலை தடைப்பட்டது. ஆயினும் தளம் எழுந்தது. 1948ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், அங்கே கட்டப்பட்ட முதற்கப்பலைப் பிரதமர் நேரு கடலில் இறக்கினார். எட்டாயிரம் டன் கப்பல் அது. பெயர் ஜல உஷா. நீரில் பிறந்த விடியல் என்று நாம் பொருள் கொள்ளலாம். 1952ஆம் ஆண்டில் அத்தளம் அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறி, ஹிந்துஸ்தான் கப்பல் தளம் என்ற பெயர் பெற்றது. விசாகப்பட்டினத்தில் வாழும் தமிழர்கள் இன்றும் அதனை நாள்தோறும் காண்கின்றனர்.

இவ்வாறு தொழில் தலைநிமிரத் தொடங்கிய நேரத்தில், 1956ஆம் ஆண்டு, இந்தியக் கப்பல் உரிமையாளர்களின் தேசியச் சங்கத்திற்குச் சுமதி மொரார்ஜி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கப்பல் உரிமையாளர் சங்கம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதற்பெண்மணி, உலகிலேயே அவர்தாம் என்று போற்றப்படுகிறார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அப்பதவியில் தொடர்ந்தார். 1965ஆம் ஆண்டு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சொந்தக் கம்பெனியில் தலைமை பெறக் குடும்பம் போதும் என்று முன்பு சிலர் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் அவருக்குப் போட்டியாளர்கள். தத்தம் கம்பெனியின் நலத்தையே கண்ணாகக் கருதுபவர்கள். அவர்கள் தங்களுக்காக அரசாங்கத்தோடு வாதாட ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, மாமனார் யார் என்று பார்ப்பதில்லை. தொழில் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். அந்தத் தேர்தலே அவருடைய தகுதிக்குச் சான்று. நாம் முன்பு எழுப்பிய கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

அந்த ஆண்டுகளில் சங்கத்திற்கு முன்னிருந்த வேலை எளிதன்று. நாட்டிற்குக் கோதுமையும் எந்திரமும் உரமும் கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. அவற்றுள் மிகச் சிறிய பகுதியே நம் கப்பல்களில் வந்தது. புதிய கப்பல் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அது கிடைப்பதோ அரிது. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் வழியாகக் கப்பல் வளர்ச்சி நிதி ஏற்பட்டு, குறைந்த வட்டிக் கடன் கிடைக்கத் தொடங்கிற்று. ஐந்தேழு ஆண்டுகளில் எட்ட வேண்டும் என்று ராமசாமி ஐயர் குழு சொன்ன இருபது லட்சம் டன்னை எட்டுவதற்கு அறுபதுகளின் பிற்பகுதி ஆயிற்று. காலம் தாழ்ந்தாலும் எட்டியது எட்டியதுதான். 1970ஆம் ஆண்டு லண்டனிலுள்ள உலகக் கப்பல் சம்மேளனத்தின் துணைத் தலைவர் பதவி சுமதி அம்மையாரைத் தேடி வந்தது. 1971ஆம் ஆண்டு குடியரசின் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

அவருடைய மனப்பாங்கை விளக்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லலாம். 1965ஆம் ஆண்டு முதிய துறவி ஒருவர் அவரை அணுகினார். சமய நூல்களை மொழிபெயர்த்து அச்சிட்டு வந்தவர்; அம்மையாரிடம் முன்பே அதற்கு உதவி பெற்றவர். இப்போது அவர் கேட்டது அமெரிக்காவுக்கு ஒரு கப்பல் சீட்டு. வயது அறுபத்தெட்டு, கையில் பணமில்லை, அங்கே தெரிந்தவர் மிகச் சிலர். இந்த வயதில் கடற்பயணமும் குளிர்நாடும் ஆகாவே என்று அம்மையார் தயங்கினார், தடுத்தும் பார்த்தார். அவர் விடவில்லை. முடிவில் ஜலதூதா என்னும் சரக்குக் கப்பலில் இலவசமாக இடம் கொடுத்தார். ஆகஸ்ட் 13ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட அத்துறவி, வழியில் மாரடைப்புக்கும் தப்பி, செப்டம்பர் மாதம் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அவர்தாம் பின்னர் ஹரே கிருஷ்ணா இயக்கத்தைத் தோற்றுவித்த பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர். அவருடைய கொள்கையை ஏற்போரும் உண்டு, ஏற்காதோரும் உண்டு. நாம் கருத வேண்டியது வேறு. பல்லாயிரம் டன் சரக்கைக் கணக்குப் பார்த்து ஏற்றும் ஒரு தொழில் தலைவர், வருவாய் தராத ஒரு முதியவருக்கும் தம் கப்பலில் இடம் வைத்திருந்தார்.

அவருடைய காலத்தில் சிந்தியா கம்பெனியின் கப்பல்கள் நாற்பத்து மூன்றாகப் பெருகின. அவை 5 லட்சத்து 52 ஆயிரம் டன் பாரம் சுமக்க வல்லவை. ஒரே ஒரு பழங்கப்பலோடு தொடங்கிய கம்பெனிக்கு இது பெரிய ஏற்றம். ஆனால் வரலாறு ஏற்றத்தோடு நிற்பதில்லை. நாமும் அங்கேயே நிறுத்திக்கொண்டால் அது புகழ்மாலையாகுமே தவிர உண்மையாகாது. எழுபதுகளில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. உலகெங்கும் கப்பல்கள் தேவைக்கு மேல் பெருகின. எண்பதுகளில் கட்டணங்கள் சரிந்தன. கடன் வாங்கிக் கட்டிய கப்பல்கள் பல நாடுகளில் சரக்கின்றிக் கட்டிப் போடப்பட்டன. பெரிய கம்பெனிகள் பல அந்தப் புயலில் சாய்ந்தன. 1979ஆம் ஆண்டு முதல் கம்பெனியின் தலைவராக அமர்ந்திருந்த சுமதி அம்மையாராலும் இந்தச் சரிவைத் தடுக்க இயலவில்லை. கடனில் மூழ்கிய கம்பெனியை 1987ஆம் ஆண்டில் அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1992ஆம் ஆண்டு வரை கௌரவத் தலைவராக இருந்த அவர், 1998ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் மும்பையில் காலமானார்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கப்பலையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இது வெறும் பழமொழியன்று. எழுபத்தெட்டு வயதில், தம் வாழ்நாள் உழைப்பெல்லாம் கைமாறிப் போவதைக் கண்டவர் அவர். ஜுஹுவில் அவர் நிறுவிய பள்ளி அவர் பெயரால் வழங்குகிறது. தோல்வி நேர்ந்தது ஒரு பெண் தலைமை தாங்கியதனால் அன்று. ஆண்கள் நடத்திய கம்பெனிகளும் அதே புயலில் அகப்பட்டன. இதனை நாம் சொல்லாவிட்டால், பிறர் வேறு விதமாகச் சொல்லிவிடுவர். ஆண் தோற்றால் காலம் கெட்டது என்பதும், பெண் தோற்றால் பெண் என்பதனால்தான் என்பதும் நம்மிடையே உள்ள பழைய வழக்கம்.

நேயர்களே, சுமதி அம்மையார் கரையில் இருந்துகொண்டு கப்பல்களை ஆண்டார். கப்பலின் தளத்திற்குப் பெண்கள் வந்து சேர நம் நாட்டில் மேலும் நெடுங்காலம் ஆயிற்று. கேரளத்தின் கொடுங்கல்லூரைச் சேர்ந்த ராதிகா மேனன், நம் வானொலிக்கு உறவான ஒரு வேலையில், அதாவது கப்பலின் வானொலி அதிகாரியாகத் தம் பணியைத் தொடங்கினார். படிப்படியாகத் தேர்வுகள் எழுதி, இந்திய வணிகக் கப்பற்படையின் முதல் பெண் கேப்டன் ஆனார். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் வங்கக் கடலில், ஒடிசாவின் கோபால்பூருக்கு அப்பால், இயந்திரம் பழுதாகிப் பல நாள் உணவும் நீருமின்றி மிதந்த துர்கம்மா என்னும் படகிலிருந்து ஏழு மீனவர்களைக் கொந்தளிக்கும் அலைகளிடையே அவருடைய கப்பல் மீட்டது. 2016ஆம் ஆண்டு சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கடலில் காட்டிய வீரத்திற்கான விருதை அவருக்கு அளித்தது. அவ்விருதைப் பெற்ற முதற்பெண் அவரே. பெண் கப்பலில் இருந்தால் ஆகாது என்று பயந்த காலம் எங்கே, ஒரு பெண் கப்பலில் இருந்ததனால் ஏழு குடும்பங்களின் விளக்கு அணையாமல் நின்ற காலம் எங்கே!

ஆயினும் மகிழ்ந்து அமர்ந்துவிட நமக்கு உரிமையில்லை. 2021ஆம் ஆண்டில் வெளியான ஒரு சர்வதேசக் கணக்கின்படி, உலகில் சான்றிதழ் பெற்ற மாலுமிகளுள் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஒருவர் மேலே சென்றுவிட்டால் வழி எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. சுமதி அம்மையாருக்குக் கதவைத் திறந்துவிட ஒரு மாமனார் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத பெண்களுக்குக் கதவைத் திறப்பவர் யார்?

இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வெளியேறிய நாம், தூரத்தைக் கண்டு அஞ்சாதவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். மொழி தெரியாத ஊரில் ஒற்றை அறையில் குடியிருந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஆனால் நம் மகள் தூரமாகப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் நாம் ஊர்ப் பெரியவர்களாக மாறிவிடுகிறோம். கணக்கு வேலை போதாதா, வங்கி வேலை போதாதா, கடலிலா என்கிறோம். சொல்லும்போது நம் அன்பே பேசுகிறது. ஆனால் அன்பும் சில சமயம் பூட்டாகிவிடுகிறது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008ஆம் ஆண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் மும்பையிலும் கொல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் கல்வி அளித்து வருகிறது. இவை நம்மவர் வாழும் நகரங்கள். கப்பல் செலுத்தவும், இயந்திரம் ஓட்டவும், துறைமுகத்தையும் சரக்கையும் நிர்வகிக்கவும் அங்கே கற்கலாம். நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மாலுமியாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கேட்கும் பெண்ணுக்குக் கேட்டவுடன் இல்லை என்று சொல்லாதிருக்க வேண்டும் என்றே சொல்கிறோம். நல்லறிவைக் கண்ட ஒரு மாமனார் நல்ல பெயரைச் சூட்டினார். பிறகு அந்தப் பெயருக்கேற்ற வேலையையும் கொடுத்தார். நம் பெண்களுக்கு அழகிய பெயர் சூட்டுவதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர். இரண்டாவது காரியத்தையும் செய்வோம்.

அடுத்த முறை நம்மில் எவரேனும் பல்லார்ட் எஸ்டேட் வழியே செல்லும்போது, அந்தப் பழைய கட்டடத்தை ஒரு கணம் நின்று நோக்கலாம். தூத்துக்குடியில் மூண்ட போரின் மற்றொரு பாசறை அது. சேலை உடுத்திய ஒருவர் நாற்பது ஆண்டு அந்தப் பாசறையைக் காத்தார்.